புள்ளி மூன்று

எரிவாயுவை கடுமையாகக் குளிர்வித்துத் திரவமாக்கும் அந்த ஆலையில் அவரைக் கோணல் என்பார்கள். இளையவர்கள் 'அண்ணன்' சேர்த்துக்கொள்வார்கள். டர்பைன் ஷாஃப்டையும் கம்ப்ரஸர் ஷாஃப்டையும் பூட்டும் ஃபிட்டர். டர்பைன் சுழன்றால் கம்ப்ரஸர் சுழலும். நடுவில் மின்சாரத்துக்கு வேலை இல்லை.

ஓடும்போது டர்பைன் சூட்டில் உயரும். குளிர்ந்த வாயு ஓடும் கம்ப்ரஸரின் கால்கள் சுருங்கும். அதனால் நிற்கும்போது டர்பைனைத் தாழ்த்தி, தெரிந்தே கோணலாகப் பூட்டவேண்டும்; ஓடும்போது நேராகிவிடும். பெயர் அப்படி வந்தது. வீட்டில் படம் மாட்ட அவருக்கு அனுமதி இல்லை. "ஆணி சூடானா நேராயிடும்பாரு" என்பாள் மனைவி.

கையேட்டில் இருந்த தாழ்வு புள்ளி எட்டு மில்லிமீட்டர். இந்த முறை அவர் வைத்தது ஒன்று புள்ளி ஒன்று. புதிதாக வந்திருந்த தலைமைப் பொறியாளர், அவரைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி, அளவைப் பார்த்துவிட்டு மாற்றச் சொன்னார். கோணல் மறுத்தார். ஓடும் இயந்திரத்தின் கால்களை மூன்று வருடம் அளந்து எழுதிய நோட்டை நீட்டினார். கால்களில் பனி பிடிக்கிறது, கையேடு எழுதியவர் அதைப் பார்த்திருக்க மாட்டார் என்றார்.

பொறியாளர் அதைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். கணக்குத் தப்பி அதிர்வு எழுபது மைக்ரானைத் தொட்டால் இயந்திரம் தானாக நின்றுவிடும், ஒரு வாரம் வீண், பிறகு இந்த வேலை வெளியாட்களுக்குப் போகும், நீங்கள் பம்ப் ஷெட்டுக்குத் திரும்பவேண்டியதுதான் என்று நிதானமாகச் சொன்னார்.

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"போட்டுட்டேன் மேடம். கீழே பாருங்க."

காலையில் கிளப்பினார்கள். அரைமணியில் திரையில் அதிர்வு ஐம்பத்தெட்டு. பிறகு அறுபத்துமூன்று.

"அண்ணே, பம்ப் ஷெட்ல ஃபேன் இருக்கா?" என்றான் ஆபரேட்டர்.

"இருக்கு. ஆடும்."

கோணல் வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். கம்ப்ரஸரின் கால்களில் வெள்ளை படர ஆரம்பித்திருந்தது. எண் இனி இறங்கும் என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அறுபத்தாறுவரை போன எண் அங்கேயே சிறிது நேரம் நின்றது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபத்திரண்டு.

பொறியாளர் கையேட்டை விரித்து, புள்ளி எட்டை அடித்து, ஒன்று புள்ளி ஒன்று என்று எழுதினார்.

"அப்ப ரெண்டாவது மெஷினுக்கும் இதேதானே?"

"இல்ல மேடம். இது வெயில்ல காயுது. அது நிழல்ல நிக்குது, முன்னாடியே குளிர்ந்துதான் இருக்கும், இவ்வளவு சுருங்காது. அதுக்கு ஒன்னு போதும்."

பொறியாளர் பேனாவை மூடவில்லை.