உள்ளே போகச் சொன்னவன்

எனக்கு வயது எழுபத்தாறு. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்; அதில் இரண்டு நான் பெறாதவை. எழுத்து எனக்குப் பாதிதான் வரும், அதுவும் பென்சிலால். அதனால் அவசரப்பட மாட்டேன். யாரையும் லேசில் நம்புகிறவளும் இல்லை. அந்தக் குணத்தால் நான் கெட்டது ஒரே ஒரு தடவைதான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கோலார் தங்கவயலுக்குக் கரண்டு வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, மைசூர் மைன்ஸ் பக்கம் கூலிக்காரர் லைனில் மூங்கில் தட்டி வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் சம்மட்டி அடிக்கிறவர். ஒருவன் உளியைப் பாறையில் நிறுத்திப் பிடிப்பான், இவர் அடித்துத் துளை போடுவார். மேல்பாறையைத் தாங்கும் மரங்கள் உளுத்துப்போயிருப்பதை ஒரு நாள் துரையிடம் சொல்லிவிட்டார். மரம் வைத்த மேஸ்திரிக்கு எல்லார் எதிரிலும் திட்டு விழுந்தது. மறுநாள் சுரங்கத்துக்குள் இறங்கக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறும் இடத்தில் மேஸ்திரி இவரைப் பார்த்து, "சம்மட்டி புடிக்கிற கை இன்னும் எத்தினி நாளைக்குன்னு பாக்கலாம்" என்றாராம்.

கை போனால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். எனக்கு அப்போது இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.

அந்த வாரமே பக்கத்து வீட்டுக்கு ஒருவன் குடிவந்தான். எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆள்தான். தனி ஆள், என் வீட்டுக்காரரைவிட ஐந்தாறு வயது சின்னவன், சிலம்பம் தெரிந்தவன். வந்த நாலாம் நாளே, "ஷிப்டு முடிஞ்சி அண்ணன் எந்த வழியா வருது?" என்று என்னிடம் கேட்டான். உனக்கு எதற்கு அது என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பிறகு இவருக்குத் தடியடியிலிருந்து தப்பச் சொல்லித்தர ஆரம்பித்தான். அவன் சொன்ன வழிதான் எனக்கு ஆகவில்லை. எதிராளி ஓங்கினால் பின்னால் போகாதே, அவனை ஒட்டி உள்ளே போ என்றான். சுரங்கத்தில் எது விழுந்தாலும் பின்னால் தாவித்தான் இவர்களுக்குப் பழக்கம். தடிக்கு எதிரே போகச் சொல்கிறவன் நல்லவனா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் நெல் குத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இவருக்குச் சொல்லித்தந்துகொண்டிருந்த அவன் எதிரே உலக்கையோடு போய் நின்றேன்.

"தம்பி, நான் அடிக்கிறேன். நீ உள்ள வா, பாக்கலாம்."

"வேணாங்கா. உலக்கை ஒடஞ்சா நெல்ல நீ என் தலையிலதான் குத்துவ."

ஓங்கி அடித்தேன். நிஜமாகவே அடித்தேன். என் கை மேலே இருக்கும்போதே சாய்ந்து உள்ளே வந்துவிட்டான். அவன் கை என் முழங்கைக்குக் கீழே தடுத்தது. உலக்கை அவன் முதுகுக்குப் பின்னால் காற்றை அடித்தது.

"முனையிலதாங்கா வேகம். கைகிட்ட வந்துட்டா அது வெறும் கட்டை."

"பொம்பள அடிச்சா அப்பிடித்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் உலக்கையை வாங்கி அடித்தார். அப்போதும் அதே கதைதான்.

"ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு ஆடுறீங்க" என்றேன்.

"இன்னாடி நீ, சாமியே வந்து சொன்னாலும் சாட்சி கேப்ப போல" என்று இவர் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீருக்குப் போனபோது பார்த்தேன். மேஸ்திரி வீட்டு வாசலில் அவன் உட்கார்ந்திருந்தான். மேஸ்திரியின் வெற்றிலையை மென்றுகொண்டு, ஒரு சம்மட்டிப் பிடியைத் தூக்கித் தூக்கிக் கனம் பார்த்துக்கொண்டிருந்தான். குடத்தை நிரப்பாமலே திரும்பினேன்.

அன்று இவர் களிக்கு உட்கார்ந்தபோது சொன்னேன்: "அவன் பேச்ச நம்பாதீங்க. நீங்க உள்ள போயி ஒருத்தன புடிச்சிக்கினா, பின்னாடி இருந்து இன்னொருத்தன் மண்டைய ஒடைப்பான். அதுக்குத்தான் சொல்லிக்குடுக்கிறான். தடிய பாத்தா பின்னாடி போயிடுங்க. எம்மேல ஆணை."

அவர் இன்னொரு உருண்டை களி கேட்டார்.

அந்த வாரமே நடந்தது. பகல் ஷிப்டு முடிந்து, தங்கம் பிரித்தபின் மிஞ்சுகிற சயனைட் மண்ணைக் கொட்டுகிற மேட்டோரம் வரும்போது இரண்டு பேர் சம்மட்டிப் பிடியோடு மறித்தார்கள். முதல் அடிக்கு இவர் பின்னால் போனார். நீட்டியிருந்த இடது கையில் பிடியின் முனை இறங்கியது. இரண்டாம் அடிக்கு ஓங்கும்போது உள்ளே போனார். ஓங்கியவன் கையைத் தன் அக்குளில் இறுக்கி, ஆளோடு ஒரு சுற்றுச் சுற்றினார். மற்றவன் அடித்த அடி கூட்டாளி முதுகிலேயே விழுந்தது. பிடியை இவர் பிடுங்கிக்கொண்டதும் இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது இடது கையில் இரண்டு விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஓடிவந்து பார்த்தான்.

"பின்னாடி போனியா அண்ணா?"

"கால் தானா போயிடுச்சிடா."

என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நான் விடுவேனா? அவனைப் பிடித்துக்கொண்டேன். "மேஸ்திரி வூட்ல நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"மூணு பேரா போவ சொன்னாரு. நானும் வரேன்னு சொல்லிட்டு போவல. மாட்டேன்னா, கம்பு தெரிஞ்ச வேற ஆள புடிச்சிருப்பாரு."

"எங்களாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"உன்னாண்ட சொன்னா பொழுது போறதுக்குள்ள லைன் பூரா தெரியுமேக்கா."

"உனக்கு இன்னாத்துக்கு இந்த அக்கறை?"

"அந்த உளுத்த மரத்துக்குக் கீழதானே நானும் நிக்கிறேன்."

ஆக, அவன் மேஸ்திரியோடு பேசிவைத்திருக்கிறான் என்று நான் நினைத்தது முழுப் பொய் இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன். அவன் ஊரைவிட்டுப் போகும்வரை, என் பிள்ளைக்கு அவன் கொடுத்த முறுக்கைக்கூட நான் கடித்துப் பார்த்துத்தான் தின்னவிட்டேன்.

இவருடைய அந்த இரண்டு விரலும் பிறகு மடங்கவே இல்லை. மூன்று விரலால் பிடித்து, தலை நரைக்கும்வரை சம்மட்டி அடித்தார். கேட்டவர்களிடம் கல் விழுந்தது என்றார். நான் ஆணையிட்டதால்தான் பின்னால் போனார் என்று என் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவரும் போய்விட்டார். இனி மறைத்து என்ன?

பேத்தி, இங்கே வா. இதை உரக்கப் படி. உன் பள்ளிக்கூடத்துத் தமிழாக மாற்றாதே. பாட்டிக்கு வருத்தமாக இருக்கும் என்று நான் ஆணையிட்ட இடத்தைத் தாண்டிப் போகாதே. போனால் எனக்குத் தெரியும். எழுத்தின்மேல் விரலை வைத்து, நான் பார்க்கும்படி படி.