அச்சாச்சா?

கம்பெனி செலவில் நேற்று என்னைத் தில்லியின் அந்தப் பழைய ஹோட்டலில் தங்க வைத்தார்கள். எழுத்தாளர்கள் தங்கிய ஹோட்டலாம். தாழ்வாரம் முழுக்கச் சட்டம் போட்ட மூஞ்சிகள். யாரோ ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து எழுதிய மேஜையைச் சுற்றிக் கயிறு வேறு கட்டியிருக்கிறார்கள், ஓடிப்போய்விடும் என்பது போல. இத்தனை பவிசிலும் கம்பளத்தின் ஈர நாற்றம் மட்டும் மாறவில்லை. அது மூக்கில் ஏறியதும் கதிரேசன் ஞாபகம் வந்துவிட்டது.

அவனும் நானும் கோல் மார்க்கெட் பக்கம் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேருக்கும் ஊர் திருநெல்வேலி, தில்லி புதுசு. நான் லாண்டரிக் கணக்குகூட ஒழுங்காக எழுதாதவன். அவன் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட், கதை எழுதுவான். சும்மா சொல்லக்கூடாது, நல்ல கதைகள். புத்தகமாக வராவிட்டால் செத்துப்போவேன் என்பான். அப்படித்தான் பேசுவான்.

குளிர்காலத்தில் பெரிய பதிப்பாளர் ஒருவர் இந்த ஹோட்டலில் வந்து தங்குவார். கதிரேசன் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து அவரிடம் நேரம் வாங்கினான். கதைகளைத் தானே இங்கிலீஷில் டைப் அடித்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போனான். அந்த ஆள் சூப் குடித்துக்கொண்டே தாளைப் புரட்டினார். புரட்டப் புரட்ட "அச்சா... அச்சா..." என்றார். எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் கதிரேசனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியால? பக்கத்துக்குப் பக்கம் நல்லாருக்கு நல்லாருக்குங்காரு!" மறுநாளே வேலையை விட்டுவிட்டான். நாவல் எழுதப் போகிறானாம்.

எங்கள் மெஸ்ஸில் சாப்பிடும் சேதுராமன், தில்லியில் பழம் தின்று கொட்டை போட்டவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரையேறியது. "அட அசடே! இவா அச்சான்னா நன்னாருக்குன்னா அர்த்தம்? நாம உம் கொட்டற மாதிரி ஓய்!"

அன்றிலிருந்து சாம்பார் வருகிறதோ இல்லையோ, கேள்வி வந்துவிடும். "என்ன ஓய், புஸ்தகம் அச்சாச்சா?" பந்தியே சிரிக்கும்.

பதிப்பாளரிடமே கேட்டுவிடலாம் என்று மறுபடி போனோம். ஹோட்டல் வாசலில் எதிரே வந்தார். கதிரேசன் கும்பிட்டான். "காடி லாவ்" என்றார் அவர். டிரைவர் என்று நினைத்துவிட்டார், பாவி. கதிரேசன் ஓடிப்போய் வண்டியைக் கூப்பிட்டுக் கதவையும் திறந்துவிட்டான்.

அப்புறம் அவன் எழுதவே இல்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் ஊறுகாய் விற்கும் கடையில் சேர்ந்தான். இப்போது கடையே அவனுடையது.

நேற்று அறையிலிருந்தே அவனுக்குப் போன் போட்டேன். "ஏல, அந்த ஹோட்டல்லதான் இருக்கேன். உன் கதையக் கொண்டுபோய்க் காட்டுனோம்லா?"

"கதையா? நான் எந்தக் காலத்துலல கதை எழுதுனேன்?" என்று சிரித்தான். "நீதான எழுதிக்கிட்டுக் கெடப்ப! வேலைய விட்டுட்டுத் திண்டாடுனியே! அந்தாளு ஒன்ன டிரைவர்னுலா நெனச்சான். நான் பக்கத்துலதான நின்னேன். பாவம்ல நீ."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே என்மேல் இரக்கப்பட்டான். கடையில் யாரிடமோ "ஏக் மினிட், பையா" என்றுவிட்டு, "பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத, என்ன?" என்றான்.

"சரில" என்றேன்.

அந்தக் கதைகளைப் படித்தவன் நான் ஒருத்தன் இருக்கிறேன். எழுதிய ஆளைக் காணோம்.