தானே அணைந்து தானே எரிந்த பெட்டி

தங்கை டிவியில் வரப் போகிறாள் என்ற செய்தி வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான், எங்கள் டிவி தானாக அணையவும் தானாக எரியவும் கற்றுக்கொண்டது.

தங்கை அப்போது ஈப்போவில் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய டீச்சர் கோலாட்டக் குழு ஒன்றைப் பழக்கி, கோலாலம்பூருக்கு பஸ்ஸில் அழைத்துப்போய் டிவி நிலையத்தில் படம் பிடிக்கவைத்துக் கூட்டிவந்துவிட்டார். தீபாவளியன்று சாயங்காலம் காட்டுவார்களாம். ஒரே ஒரு தடவை. தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

அம்மாவுக்கு அந்த ஒரு தடவை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். சுங்கை சிப்புட் பக்க ரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தவரை பள்ளி விழாக்கள் எல்லாம் காலையில்தான் நடக்கும். காலையில் அம்மா பால்மரத்தடியில் நிற்பாள். நான் மேடையேறிப் பரிசு வாங்கியதையும் அவள் பார்த்ததில்லை, தங்கை மேடையில் அழுததையும் பார்த்ததில்லை. பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று எங்களையும் கிளப்பிவிட்டார்கள். ஈப்போ ஓரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அம்மா சட்டை தைக்கும் தொழிற்சாலைக்குப் போனாள், அப்பா நகராண்மையில் புல் வெட்டப் போனார், நான் ஆறாம் படிவத்துக்கு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்புக்குப் போனேன். எங்கள் குடும்பத்தில் அந்த உயரத்துக்குப் போன முதல் ஆள் நான். இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. அவர்களாகத் தெரிந்துகொள்ளும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

டிவி, தொழிற்சாலை மேலாளர் கலர் பெட்டி வாங்கியபோது கழித்துவிட்ட கறுப்பு வெள்ளை. போட்டால் முதலில் சத்தம் வரும். முகம் வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். எங்கள் வீட்டு வரிசையில் அது ஒன்றுதான் டிவி என்பதால் அதன் குறைகளை யாரும் பேசுவதில்லை.

வீட்டில் சாக்கெட்டும் ஒன்றுதான், உள்ளறையில், கதவை ஒட்டிய சுவரில். உள்ளறையில் டிரங்குப் பெட்டியும் அரிசி மூட்டையும் போக ஒரு ஆள் குந்தலாம். டிவி கூடத்தில்தான் இருந்தாக வேண்டும், ஆனால் அதன் ஒயரோ ஒரு முழம். ஆகவே எக்ஸ்டென்ஷன் ஒயர் ஒன்றை நானே செய்தேன். சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே, பச்சை எங்கே என்று அறிவியல் பாடத்தில் படித்ததை அப்படியே வைத்து மூன்று முனை பிளக்கை முடுக்கினேன். முதல் தடவை பெட்டி எரிந்தபோது அப்பா எழுந்தார். வாசலுக்குப் போய் எதிர்வீட்டு லாரிக்கார அண்ணனிடம், "பையன் கரண்டு இழுத்துட்டான்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த ஒரு வாக்கியம் பின்னால் எனக்கு எவ்வளவு கெடுதல் செய்தது என்பதுதான் இந்தக் கதை.

சரஸ்வதி பூசை முடிந்த மறுநாளே கோளாறு ஆரம்பித்தது. செய்தி வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று சுருங்கி ஒரு வெள்ளைப் புள்ளியாகிக் காணாமல் போனார். கொஞ்ச நேரத்தில் யாரும் தொடாமலே குரல் வந்தது, பிறகு முகம் வந்தது. பிறகு மறுபடியும் புள்ளி.

இதில் அப்பாவின் தொல்லை தனி. தோட்டத்தில் இன்ஜின் வைத்துத்தான் வரிசை வீடுகளான லயங்களுக்கு விளக்கு. இரவு நிறுத்துவதற்கு முன் இன்ஜின்காரர் ஒரு தடவை விளக்கைக் கண்ணடிக்க வைப்பார். உடனே எல்லாரும் பாயை விரித்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் உடம்பிலிருந்து அந்த இன்ஜின் இன்னும் இறங்கவில்லை. டிவி அணைந்தால் போதும், அவர் கை தன்னால் பாயைத் தேடும். டிவி திரும்ப எரியும்போது தலையணையோடு நிற்பார்.

"பெட்டி ரோசாக்காப்பா?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். கெட்டுப்போன எதையும் நாங்கள் மலாயில் ரோசாக் என்றுதான் சொல்வோம்.

"ரோசாக் எல்லாம் இல்லம்மா. நான் பாத்துக்கிறேன்."

"இல்லன்னா டவுன்ல சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அம்மா தைத்துக்கொண்டிருந்த தாவணியைக் கீழே வைத்தாள். "தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்டு சன்னல்ல நின்னு பாத்தது போதும். என் மவள நான் என் வீட்டுல உக்காந்து பாப்பேன். முடியலன்னா பாக்கல, அவ்ளோதான்."

"நம்ம வீட்டுலயே பாப்பம்மா" என்றேன் நான். பௌதிகம் படிக்கிறவன் வாக்குக் கொடுத்தால் அதற்கு ஒரு கனம் உண்டு என்று அப்போது நம்பினேன்.

விசாரணையை முறைப்படி தொடங்கினேன். முதல் சந்தேகம் ஏரியல். கொய்யா மரத்தில் கட்டியிருந்ததை அவிழ்த்துக் கூரையில் ஏற்றினேன். கூரை ஒழுக ஆரம்பித்தது, டிவி பழையபடியே அணைந்தது. இரண்டாவது சந்தேகம் தூசி. பின்பலகையைக் கழற்றி வர்ணத் தூரிகையால் துடைத்தேன்; உள்ளே ஒரு பல்லி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, அதை வெளியேற்றினேன். மூன்றாவது சூடு. பெட்டிக்குப் பின்னால் தங்கையை நிறுத்தி விசிறியால் வீச வைத்தேன். டிவியில் வரப் போகிற பிள்ளையை டிவிக்கே விசிறச் சொல்கிறாயே என்று அம்மா திட்டினாள்.

பிறகு யாரோ நடக்கும்போது அணைகிறது என்று எனக்குத் தோன்றியது. பலகைத் தரை, அதிர்வு, தளர்ந்த இணைப்பு! இதைக் கண்டுபிடித்த அன்று நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம். டிவி ஓடும்போது வீட்டில் யாரும் நடக்கக் கூடாது என்று அறிவித்தேன். அப்பா ஒரு வாரம் கட்டைவிரலில் நடந்தார். தண்ணீர் குடிக்கப் போனால்கூட என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அனுமதி கேட்டார். சாலையில் லாரி போனாலும் அதிருமே என்று எதிர்வீட்டு அண்ணனிடம் போய், லாரியை மெதுவாக நிறுத்தும்படி கேட்டுக்கொண்டேன்.

"என்னா வாத்தியாரே, எங்க லாரிய தூக்கிட்டு வரச் சொல்றியா?" என்றார் அவர். "நான் வேணா வீட்ட தூக்கிப் பிடிச்சுக்கிறேன் லா, நீ டிவி பாரு."

அவரே பிறகு இரக்கப்பட்டுப் பெட்டியை லாரியில் ஏற்றி டவுனில் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனார். கடை முதலாளியான சீனத் தவுக்கே அதைத் தன் மேசையில் வைத்து, தன் சாக்கெட்டில் சொருகிக் காலையிலிருந்து கடை மூடும்வரை ஓட விட்டார். ஒரு கண் சிமிட்டல்கூட இல்லை. எங்களிடம் கூலி வாங்கவும் மறுத்துவிட்டு, கடைத்தெருவில் பேசும் பசார் மலாயில் சொன்னார்: பெட்டியில் ஒன்றும் ரோசாக் இல்லை, உன் வீடுதான் ரோசாக்.

லாரியில் திரும்பும்போது அண்ணன் வழியெல்லாம் சிரித்தார். நானோ தீவிரமாக யோசித்தேன். வீடுதான் காரணம் என்றால் எந்த மூலை? அன்றிலிருந்து பெட்டியைக் கூடத்தின் ஒவ்வொரு மூலைக்கும் கொண்டுபோய் வைத்தேன். எங்கே கொண்டுபோனாலும் என் எக்ஸ்டென்ஷன் ஒயர் விசுவாசமாகப் பின்னாலேயே வந்தது. அதைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்தவன் செய்த ஏரியல், அடுத்தவன் செய்த டிவி, அடுத்தவன் கட்டிய வீடு, எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். அது மட்டும் படித்தவன் செய்தது அல்லவா.

தீபாவளி வந்தது. சாயங்காலம் எங்கள் கூடத்தில் வரிசை முழுவதும் உட்கார்ந்திருந்தது. பழைய தோட்டத்துக்காரர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தெரியட்டும் என்று டிவியை உள்ளறைக் கதவுக்கு நேராக, ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தேன். அம்மா புதுச் சேலையில் முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மடியில் முறுக்குத் தட்டு. ஆனால் அவள் யாருக்கும் எடுத்துக் கொடுக்கவில்லை. தங்கை வெட்கத்தில் அடுப்படியில் ஒளிந்துகொண்டாள்.

நிகழ்ச்சி அறிவிப்பாளர் வணக்கம் சொன்னார். அடுத்து ஈப்போவிலிருந்து வந்திருக்கும் சிறுமிகள் என்றார். கூடமே கைதட்டியது. அறிவிப்பாளர் புள்ளியானார்.

அப்பா எழுந்து பாயைத் தேடினார்.

"உக்காருங்க லா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அப்பாவோடு சேர்ந்து நானும் உட்கார்ந்துவிட்டேன். அந்த அமைதியில் எதிர்வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"சந்தன வாசம் வருது பாருங்க. நல்ல நாள்ல சாமி வந்திருக்கு."

எனக்கும் வந்தது. ஆனால் கொஞ்சம் கருகிய சந்தனம். மூக்கைப் பின்தொடர்ந்து கதவைத் தாண்டி உள்ளறைக்குப் போனேன். வாசம் சுவரிலிருந்து வந்தது. சுவிட்சை அணைத்து என் பிளக்கைப் பிடுங்கினேன், கையைச் சுட்டது. மூன்று முனையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம், எல்லாம் காய்ந்து கறுத்து அப்பளம்போலப் பொரிந்திருந்தது.

"யாரு இதுல பொட்டு வச்சது?"

"நாந்தான்" என்றாள் அம்மா, கூடத்திலிருந்தே. "பூசையன்னிக்கு கேட்டேன்ல, இதுல எதுய்யா தலைன்னு? டிவிக்கு வக்கிறதா, ஒயருக்கு வக்கிறதான்னு? நீதான அரை மணி நேரம் பாடம் எடுத்த. கரண்டு இந்த மூணு வழியாத்தான் உள்ள வருது, இதுதாம்மா தலைன்னு. தலைக்குத்தான பொட்டு வைப்பாங்க?"

கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. பாடம் எடுத்தது உண்மை. சாக்பீஸ்கூட வைத்துத் தரையில் படம் போட்டுக் காட்டினேன். அம்மா மிகவும் கவனமாகக் கேட்ட ஒரே பாடம் அது.

"சாமி வரல, சயன்ஸ்தான் வந்திருக்கு" என்றார் லாரிக்கார அண்ணன்.

தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் முனைகளைத் தேய்த்தேன். மறுபடி சொருகினேன். சத்தம் வந்தது, போனது. இத்தனை நாள் சூட்டில் சாக்கெட்டின் பிடியும் தளர்ந்துவிட்டது. கையால் அழுத்தினால் வருகிறது, விட்டால் போகிறது. புதுத் துண்டைச் சுருட்டி பிளக்கின்மேல் வைத்து, அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே குந்தி, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன்.

"வந்துருச்சு! வந்துருச்சு!"

பாட்டுச் சத்தம் கேட்டது. கோல்கள் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு டிவியின் முதுகுதான் தெரிந்தது.

"எங்க இருக்கா?" என்று கேட்டு, கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சாய்ந்தேன். பாட்டு நின்றது.

"டேய், கைய எடுக்காத!" அப்பா, அம்மா, அண்ணன், தோட்டத்துக்காரர்கள், எல்லாரும் ஒரே குரல். மறுபடி அழுத்தினேன். அதன்பிறகு நான் அசையவில்லை.

இருந்த இடத்திலிருந்து, டிவிக்கு ஓரமாக, கூடத்து முகங்கள் தெரிந்தன. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவள் மாதிரி பார்த்தாள். முறுக்குத் தட்டு மடியிலிருந்து வழுக்கி விழுந்தது, குனியவில்லை. பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்: "ரிப்பன்."

அவ்வளவுதான். பாட்டு முடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அடுப்படியிலிருந்து தங்கையை இழுத்து வந்தார்கள். ரிப்பன் அவிழ்ந்திருந்ததற்கு அவளுக்குத் திட்டு விழுந்தது, உடனே முத்தமும் விழுந்தது. நான் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தேன். அடுத்த நிகழ்ச்சியையும் பார்க்கலாமே என்று அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஆட்கள் போன பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. "ஐயோ தம்பி, நீ பாக்கவே இல்லல்ல?" என்று கேட்டுவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று எனக்குச் சொல்லிக் காட்டினாள். தங்கை பின்வரிசையில் ஓரமாக நின்றாள், இப்படித் திரும்பினாள், இப்படிக் கோலை உயர்த்தினாள், ரிப்பன் இந்தப் பக்கம் தொங்கியது.

மறுநாள் சித்தியிடம் அம்மா சொன்னபோது தங்கை முன்வரிசைக்கு வந்துவிட்டாள். விடுமுறை முடிந்து தொழிற்சாலை திறந்த அன்று நடுவில் நின்றாள். சென்ற மாதம் என் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். அம்மா அவனுக்குத் தோசை போட்டுக்கொண்டே சொன்ன கணக்குப்படி அவள் தனியாகவே ஆடியிருக்கிறாள். மற்ற பிள்ளைகள் சும்மா கோல் தட்டியிருக்கிறார்கள். தங்கை வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், நீயாவது சொல்லேன் என்பதுபோல.

நான் என்ன சொல்வது? அவ்வளவு படித்தும், அடுப்படியில் ஒளிந்திருந்தவளை விட்டால், அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

"ஆமாம்" என்று நண்பனிடம் சொன்னேன். "தனியாத்தான் ஆடுனா."