சின்னவளின் கறுப்பு ஷூ

பெரிய விடுதி ஒன்றின் சலவைக்கூடத்தில் பெரியவளுக்கு இஸ்திரி போடும் வேலை. வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அவள் பெரியவள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள். “என் ஓரகத்திதான், நல்ல பொண்ணு, ஒரு இடம் போட்டுக் குடுங்கம்மா” என்று மேற்பார்வை அம்மாவிடம் கெஞ்சி, சின்னவளை அங்கே சேர்த்துவிட்டவளே பெரியவள்தான். அதை நினைத்துத்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிந்தது.

காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சின்னவளுக்குக் கால் வலிக்கவில்லை. அவ்வளவுதான்.

காலையில் மேசை முன்னால் போய் நின்றால் சாப்பாட்டு வேளையில்தான் உட்கார முடியும். கீழே வெறும் சிமெண்டுத் தரை. மதியம் தாண்டிவிட்டால் பெரியவளுக்குக் குதிகாலில் ஆணி அடித்தது போல இருக்கும். கொக்கு மாதிரி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பாள். பக்கத்து மேசையில் சின்னவளோ விரிப்பை உதறுவதும் மடிப்பதும் பாட்டு முணுமுணுப்பதுமாக, அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள் போல இருப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் பிள்ளையோடு ஓடிப் பிடித்து விளையாடத் தெம்பு இருக்கும். பெரியவள் வெந்நீர் வாளிக்குள் காலை விட்டுக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அவளும் உன்கூடத்தானே வேலை பாக்குறா? எவ்வளவு சுறுசுறுப்பா இருக்கா பாரு” என்றான் கணவன் ஒருநாள்.

வாளியைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்கலாமா என்று வந்தது அவளுக்கு.

விஷயம் சின்னவள் போடும் கறுப்பு ஷூவில் இருக்கிறது என்பது பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் காலில் கிடந்ததோ தேய்ந்து அப்பளமாகிப்போன ரப்பர் செருப்பு. எங்கே வாங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்டால் சின்னவள் சொல்லிவிடுவாள். ஆனால் தான் சேர்த்துவிட்டவளிடம் போய்க் கேட்பதா? அதற்குப் பதிலாக, எல்லோரும் இருக்கும்போது, “இதென்னடி, போலீஸ்காரன் பூட்ஸ் மாதிரி?” என்று நக்கலடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் சேர்ந்து சிரித்தாள். பெரியவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வாரமே, விருந்து மண்டபத்து விரிப்புகளை மேற்பார்வை அம்மா சின்னவளிடம் கொடுத்துவிட்டார். நல்ல துணி, நல்ல மேசை; இவ்வளவு காலமும் பெரியவள் பார்த்த வேலை.

“கோவிச்சுக்காதம்மா. உனக்குக் காலு முடியல. அவ நின்னா நிக்குறா.”

“எனக்கென்ன கோவம்?” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் தலையணை உறைகளை அழுத்திய அழுத்தில் ஒன்று பொசுங்கியது.

அடுத்த விடுமுறையன்று காலையிலேயே, யாரிடமும் சொல்லாமல் செருப்புக் கடைக்குப் போனாள். ரோஜா நிறத்தில் ஒரு ஷூ, பஞ்சு போல மெத்தென்று, கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருந்தது. சின்னவளின் ஷூ இதன் பக்கத்தில் நிற்குமா?

“நின்னுக்கிட்டே பாக்குற வேலையாக்கா? அதுக்கு இது சரிப்படாது. முன்னாடி வேற குறுகலா இருக்கு” என்றார் கடைக்காரர்.

“எனக்குப் புடிச்சிருக்கு, கட்டிக் குடுங்க.”

முதல் நாள் காலை மேகத்தில் நிற்பது போல இருந்தது. சின்னவள் பார்க்கட்டும் என்று காலை வெளியே நீட்டி நீட்டி நின்றாள். “அழகா இருக்குக்கா” என்றாள் சின்னவள். மதியத்துக்குள் பாதம் வீங்கி, சுண்டுவிரல் நசுங்கி, உயிர் போயிற்று. ஆனாலும் கழற்றவில்லை. சில வாரங்களில் பஞ்சு அமுங்கிச் சப்பையாகிவிட்டது. அப்போதும் வீம்புக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

ஒருநாள் மடித்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு துவைக்கும் எந்திரங்களைக் கடந்து போகையில், ஈரத் தரையில் ஷூ வழுக்கியது. விரிப்பெல்லாம் தண்ணீரில் பரவ, அவற்றின் மேலேயே மல்லாந்து விழுந்தாள். முதலில் ஓடி வந்தவள் சின்னவள். விழுந்தவளைத் தூக்கி உட்கார வைத்து ஷூவைக் கழற்றினாள். சுண்டுவிரல் தோலுரிந்து சிவந்திருந்தது.

“இவ்வளவு நாளா இதையா போட்டுக்கிட்டு நின்னீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாக்கா?”

“ஒண்ணுமில்ல, விடு” என்றாள் பெரியவள். வலியில் வந்த கண்ணீரா, ஆத்திரத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

புண் ஆறியதும், ஒருநாள் வேலை முடிந்த கையோடு சின்னவள் அவளைக் கடைக்கு இழுத்துப் போனாள். “சாயங்காலம்தான்க்கா வாங்கணும். கால் வீங்கியிருக்கும்போது சரியா இருந்தாத்தான் நாள் பூரா சரியா இருக்கும்.” இரண்டு காலையும் அளக்கச் சொன்னாள். வலது கால் கொஞ்சம் பெரிது. அதற்குத்தான் எடுக்க வேண்டும் என்றாள். ஒவ்வொரு ஷூவாக எடுத்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பார்த்தாள். எளிதில் முறுக்கிக்கொண்டதை ஒதுக்கினாள். நடுவில் மடிந்ததையும் ஒதுக்கினாள். கடைசியில் ஆண்கள் பக்கத்திலிருந்து, அகலமான, வழுக்காத அடியுள்ள ஒன்றை எடுத்து வந்தாள்.

“உங்க தங்கச்சி நல்ல விவரமானவங்க” என்றார் கடைக்காரர்.

“தங்கச்சி இல்ல, ஓரகத்தி” என்றாள் பெரியவள் வெடுக்கென்று.

காலை உள்ளே விட்டாள். விரல்கள் தாராளமாக அசைந்தன. குதிகால் பிடித்த இடத்தில் நின்றது. குறை சொல்ல எதுவுமே கிடைக்கவில்லை.

பத்து நாளில் வெந்நீர் வாளி மூலைக்குப் போனது. மாலையிலும் பெரியவள் இரண்டு காலையும் ஊன்றி நின்று வேலை பார்ப்பதைக் கண்டு, துவைக்கும் பகுதிக்காரி வந்து கேட்டாள்: “இந்த ஷூ எங்கக்கா வாங்கினீங்க? யார் சொன்னாங்க?”

“யார் சொல்லணும்? நானாத்தான் நாலு கடை ஏறி இறங்கித் தேடிப் புடிச்சேன்.”

சொன்ன பிறகுதான், பின்னால் சின்னவள் நிற்பதைப் பார்த்தாள்.

“ஆமா, அக்காவுக்கு இதெல்லாம் அத்துப்படி” என்றாள் சின்னவள் அந்தப் பெண்ணிடம். “நீயும் அவங்களையே கூட்டிக்கிட்டுப் போ.” சொல்லிவிட்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தன் மேசைக்குப் போய்விட்டாள்.

பெரியவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கால் துளியும் வலிக்கவில்லை. ‘காட்டிக்கொடுக்காத இந்த மனசும் இவளுக்குத்தான் வாய்க்கணுமா?’ என்று நினைத்தபோது, வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.