மச்சாள் பின்னிய காலுறை

என் மச்சாள், கணவரின் அக்கா, பதினெட்டு வருடம் லெபனானில் வீட்டு வேலை செய்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்து, கல்லடியில் எங்களோடு தங்கினார். வீடு என் தாய் எனக்குச் சீதனமாகத் தந்தது. "கொஞ்ச நாளைக்கு" என்றுதான் கணவர் சொன்னார். மாதங்கள் போயின. கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மச்சாள் என்னோடு ஒரு நாளும் முகம் கோணியதில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. கணவர் விடிய வெள்ளன வெல்லாவெளிக்குப் படிப்பிக்கப் போனதும் மச்சாளின் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். உள்ளே இரும்போடு இரும்பு உரசுகிற சின்னச் சத்தம். சில நாள் தொலைபேசியில் அரபியில் பேச்சு, சிரிப்பு. பின்னேரம் கணவர் பஸ்ஸால் இறங்கும் நேரம் பார்த்து மச்சாள் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் கதவைத் தள்ளினேன். மடியில் சாம்பல் நிறக் கம்பளி நூல், இரு பக்கமும் கூரான நாலு ஊசிகள், அவற்றில் குழாய்போலத் தொங்கும் ஒரு பின்னல். என்னைக் கண்டதும் தலையணைக்கடியில் தள்ளினார்.

"என்ன மச்சாள் அது?"

"ஒண்டுமில்ல புள்ள. சொக்ஸ். சும்மா கைப்பழக்கத்துக்கு."

மின்விசிறிக்குக் கீழேயே முதுகு நனைகிற காலம். யாருடைய காலுக்குக் கம்பளி? அன்றிலிருந்து அவர் வாய் திறந்தால் நான் வார்த்தைகளை நிறுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

அடுத்த கிழமை, "ஆசுபத்திரி கிளினிக்குக்குப் போய்ட்டு வாறன்" என்று பட்டணத்துக்குப் போனார். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் பார்த்தால் கிளினிக் கொப்பி மேசையில் கிடந்தது. கொப்பி இல்லாமல் எந்த மருந்தைக் கொடுப்பார்கள்? நான் நேரே அவருடைய அறைக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. இருந்தும் போனேன்.

தலையணைக்கடியில் பின்னல் இருந்தது. குதிக்கால் வளைந்து, பாதம் நீண்டு, விரல் பக்கம் மட்டும்தான் மிச்சம். வாசலில் கிடந்த கணவரின் செருப்பை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். விரல் பக்கம் முடியாமலே பாதம் செருப்பளவு வந்திருந்தது. பெரிய ஆம்பிளைக் கால்! அரபிச் சிரிப்பும் இந்தக் காலும் ஒன்றாகச் சேர்ந்து என் தலைக்குள் ஒரு ஆளாகவே எழுந்து நின்றன. அந்த ஆள் ஒருநாள் என் வீட்டுக்கே வந்து இருந்தாலும் இருப்பான் என்றுகூட நினைத்தேன்.

சரியாக அளக்க வேண்டுமென்று பின்னலைத் தட்டையாக்கி, தடுத்த ஒரு ஊசியை உருவினேன். கண்ணிகள் வாய் திறந்து நின்றன. ஊசியைத் திரும்பச் செருகப் பார்த்தேன். நூல் இழுபட்டது. ஒரு கண்ணி கீழே ஓட, அதைப் பிடிக்கப்போக இன்னும் நாலு ஓடியது. அவசரத்தில் இன்னொரு ஊசியும் விழுந்தது. பின்னலைச் சுருட்டி, ஊசிகளையும் பக்கத்தில் சேர்த்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மச்சாள் வந்து அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் பின்னலோடு குசினிக்கு வந்தார்.

"பூனை வந்ததா புள்ள?"

"வந்திருக்கும்."

"பூனை ஊசிய உருவி எடுத்துப் பக்கத்தில வெச்சிட்டுப் போகுமா புள்ள?"

நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு கேட்டேவிட்டேன். "ஆருக்கு மச்சாள் இது? கிளினிக்குக்கும் நீங்க போகல்ல. எங்க போன நீங்க?"

அவர் குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். "தபால் கந்தோருக்கு. ஜெர்மனிக்குப் பார்சல் அனுப்ப எவ்வளவு பாரம் ஏலும் எண்டு கேக்க."

லெபனானில் அவர் வேலை செய்த வீட்டில் ஒரு பிள்ளை. பிறந்த இருபதாம் நாளிலிருந்து மச்சாளின் கையிலேயே வளர்ந்தவன். மலைமேல் வீடு. பனிக்காலத்தில் அவனுக்குக் காலுறை பின்னிப் போட்டுப் பழகியவர். இப்போது அவன் ஜெர்மனியில் படிக்கிறான். கால் குளிருதாம், கடையில் வாங்குவது சரிவரவில்லையாம். தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். ஒட்டகச்சிவிங்கிபோல ஒரு நெடுவல், பழைய காலுறையோடு காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதுக்கு ஏன் மச்சாள் ஒளிப்பு?"

"உன்ட புருசன நினைச்சுத்தான் பயம். எங்கட அம்மாட சாவுக்கு என்ன விடாமப் பாஸ்போட்ட வெச்சிருந்த வீடு அது. அந்த வீட்டுப் பேரையே எடுக்கக் கூடாது எண்டிருக்கான். நான் சுமந்த பிள்ளையில்ல எண்டு எனக்கும் தெரியும். ஆனா அவன் என்ன செய்தான், சொல்லு."

மன்னிப்புக் கேட்டேன். "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்" என்றார், அவ்வளவுதான். ஓடிய கண்ணிகளைக் குதிக்கால்வரை பிரித்தார். ஒரு கிழமை வேலை. நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதன்பிறகு பகலில் கதவு திறந்தே கிடந்தது. சோடி முடிந்ததும் பார்சலை நானே தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன்.

கணவருக்கு இன்னும் சொல்லவில்லை. ஆனால் சோற்றுக்கு இருக்கும்போது அவர் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார்.

"அக்காவோட ஒரு வருசமா முகங்குடுத்துக் கதைக்காத நீ, இப்ப என்ன ரெண்டு பேரும் குசுகுசுக்கிறீங்க?" என்று நேற்றுக் கேட்டார்.

"பொம்பிளயளுட கதை" என்றேன். அவர் நம்பவில்லை. நம்பாத முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா?