மதிலுக்கு மேலால் போன பாண்

கண்டியில் குண்டு வெடித்த மறுநாள் அது. எங்கள் தெருவில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும்தான். பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் சோமாக்கா எங்கள் முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் போனார். நானும் மனைவியும் ஆளில்லாத வீடு போல உள்ளே இருந்தோம்.

இத்தாலியில் வேலை செய்யும் மகள் அனுப்பிய, ரொட்டியைத் தானே பிசைந்து சுடும் பாண் மெஷினில் காலையிலேயே மா போட்டிருந்தேன். பயத்தில் அதை மறந்துவிட்டேன். தமிழர்களைத் தேடி ஒரு கும்பல் வாசலுக்கு வந்த நேரம் பாண் வெந்து மணந்தது.

"ஆளில்லன்னா இந்த வாசம் எங்கேருந்து வருது?" ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"நான்தான் பாண் சுடுறேன். நில்லுங்க, கொண்டாறேன்," என்றார் சோமாக்கா.

அவர் வீட்டில் இருந்தது விறகடுப்புதான்; அதில் பாண் சுட முடியாது. பாணைச் சட்டியோடு துணியில் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். மதிலுக்கு மேலால் இரண்டு கைகள் நீண்டிருந்தன.

"குடுங்க தம்பி, சுறுக்கா."

வாசலில் அவர்கள் தின்பது கேட்டது. ஒருவன் நல்லாயிருக்கு என்றான். பிறகு போய்விட்டார்கள்.

"நமக்கு ஒரு துண்டுகூட மிஞ்சலயே," என்றாள் மனைவி. அப்போதுதான் கை சுட்டிருந்தது தெரிந்தது.

இப்போதும் பாண் சுடுகிறேன். முதல் துண்டு சோமாக்காவுக்குப் போகும். ஆனால் ஜன்னல்களைச் சாத்தாமல் மெஷினைப் போட்டதில்லை.