கண்ணாடிக்குள் ஒரு விசில்

ஜார்ஜ் டவுனில் எங்கள் வட்டாரத்துப் பழைய தியேட்டரைப் புதுப்பித்துத் திறந்தார்கள். முன்கூடத்துச் சுவரெல்லாம் அதன் வரலாறுதான். மூட்டைப்பூச்சிக்குக்கூட ஒரு பலகை. காவலாளிக்கு என் வயது, அறுபதுக்கு மேல். யானைக் காதுகள். ரசிகர்கள் விசிலடிக்கும் பழைய புகைப்படம் ஒன்றின் கண்ணாடியை மட்டும், கடக்கும்போதெல்லாம் சட்டைக் கையால் துடைத்தார்.

கதாநாயகன் திரையில் வந்ததும் நான் விசிலடித்தேன். காவலாளியின் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

“அண்ணே, விசிலடிக்கக் கூடாதுலா. வெளிய போங்க.”

“முன்னால விசிலடிக்கிற போட்டோவப் பெருசா மாட்டி வச்சிருக்கீங்களே?”

“அது ஹெரிட்டேஜ் அண்ணே. இது டிஸ்டர்பன்ஸ்.”

வெளியேறும்போது அந்தப் புகைப்படத்தை உற்றுப் பார்த்தேன். முதல் வரிசையில், வாயில் இரண்டு விரல்களோடு ஓர் இளைஞன். அதே யானைக் காதுகள்.

அவருக்கு இன்னும் விசில் வருமா? கேட்காமல் வந்துவிட்டேன்.